திருச்சி வைட்டமின் ஏ ஆய்வு: வாராவாரம் கொடுத்த சிறு அளவு என்ன செய்தது?

திருச்சி மாவட்டத்துக் கிராமங்கள். பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகள். ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறை வைட்டமின் ஏ-யும் ஈ-யும் கலந்த மருந்து, மறுபாதிக்கு வெறும் வைட்டமின் ஈ. ஓராண்டு ஓடியது. விபத்துச் சாவுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால், ஏ கிடைத்த 7,764 குழந்தைகளில் 37 பேர் இறந்திருந்தார்கள், கிடைக்காத 7,655 பேரில் 80 பேர்.

ஆயிரத்துக்குப் பத்துக்கும் மேல் இருந்த சாவு ஐந்துக்கும் கீழே வந்திருக்கிறது. புது ஆஸ்பத்திரி வரவில்லை, புதுத் தடுப்பூசி வரவில்லை, அந்தக் குழந்தைகளின் வீட்டுச் சோறும் மாறவில்லை. வாரத்துக்கு 8,333 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் ஏ மட்டும்தான் வித்தியாசம், அதாவது இரண்டரை மில்லிகிராம் ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் நேரடி வடிவம்). ஏழு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு சுமார் 357 மைக்ரோகிராம், ஒரு சின்னக் குழந்தை நல்ல சாப்பாட்டிலிருந்தே பெற வேண்டிய அளவு அது. மருந்து என்று சொல்வதைவிட, விட்டுப்போன சாப்பாட்டின் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

1990-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு இது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா, அங்கேயே நிர்வாகத்தில் இருந்த துளசிராஜ், அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் பார்பரா அண்டர்வுட் ஆகியோர் சேர்ந்து நடத்தியது. வைட்டமின், தாது உப்பு பற்றித் தமிழில் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இருக்கின்றன. கேரட் கண்ணுக்கு நல்லது, கீரை ரத்தத்துக்கு நல்லது என்கிற அளவில் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. நம் ஊரிலேயே நடந்த, உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிற இந்த ஆய்வு அவற்றில் அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கண் மருத்துவர்கள் சாவை எண்ணியது ஏன்?

வைட்டமின் ஏ என்றால் அந்தக் காலத்தில் கண் சமாசாரம். குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறும். அப்புறம் வெண்விழியில் நுரை படிந்த மாதிரி பிட்டாட் புள்ளிகள் தெரியும், அதற்கும் மேலே போனால் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, சில நாட்களுக்குள் கரைந்தே போய்விடும். தமிழ்நாட்டில் இப்படிப் பார்வை இழந்த குழந்தைகளை மதுரை கண் மருத்துவர்கள் நிறையப் பார்த்தவர்கள். 1976-ல் அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அதற்கு முன் அரசு மருத்துவமனையில் இருந்தபோதே இந்தக் குழந்தைகளுக்காக மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை நடத்தினார். கண்ணை மட்டும் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பினால் குழந்தை திரும்ப அதே நிலையில் வரும், சில குழந்தைகள் திரும்பி வரவே மாட்டார்கள் என்பது அப்படி வேலை செய்கிறவர்களுக்குத்தான் உறைக்கும்.

இந்திய அரசும் 1970-லேயே ஒரு திட்டம் தொடங்கிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் ஐ.யூ. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் ஈரல் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும், ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்பது கணக்கு. நோக்கம் குருட்டைத் தடுப்பது மட்டும்தான். உயிர் பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

உயிர் பற்றிப் பேச ஆரம்பித்தவர் ஆல்ஃப்ரெட் சோமர், அவரும் கண் மருத்துவர்தான். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் எடுத்த விவரங்களை அலசியபோது, வெறும் மாலைக்கண்ணும் பிட்டாட் புள்ளியும் இருந்த குழந்தைகள், கண் நன்றாக இருந்த குழந்தைகளைவிட சுமார் நான்கு மடங்கு அதிகமாக இறந்திருந்தது தெரிந்தது. 1983-ல் அதை வெளியிட்டார். அடுத்து சுமத்ராவின் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களுக்கு ஆறு மாத இடைவெளியில் பெரிய டோஸ் கொடுத்து, சாவு 34 சதவீதம் குறைந்தது என்று 1986-ல் அறிவித்தார். மருத்துவ உலகம் அதை எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மலிவு வைட்டமின் சாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது. அதோடு ஆச்சேயில் மறுபாதிக் கிராமங்களுக்குப் போலி மருந்து கொடுக்கவில்லை, யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த விமர்சனம் நியாயமானதே.

திருச்சி ஆய்வுக்கு இவ்வளவு எடை வந்தது இதனால்தான். மருந்து கொடுத்த தன்னார்வலருக்கும் தெரியாது, வாங்கிக்கொண்ட தாய்க்கும் தெரியாது, எந்தக் குழந்தைக்கு ஏ போகிறது என்று. இரண்டு குழுவுக்குமே வைட்டமின் ஈ போனதால் மிஞ்சுகிற ஒரே வித்தியாசம் ஏ. உள்ளூர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஒவ்வொரு வாரமும் வீடு தேடிப் போய், மருந்தைக் கொடுத்து, போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல், பேதி, இருமல் ஏதாவது வந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எந்த வாரத்திலும் குறைந்தது 88 சதவீதக் குழந்தைகளைப் பார்த்துவிட்டார்கள் என்பது எனக்கு முடிவைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 1980-களின் கடைசியில், செல்போன் இல்லாத காலத்தில், பதினைந்தாயிரம் குழந்தைகளை வாராவாரம் தொடர்வது என்பது அந்தத் தன்னார்வலர்கள் காலால் நடந்து செய்த வேலை, கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது.

எண்கள் என்ன சொல்கின்றன

மொத்தச் சாவு 125, அதில் விபத்து அல்லாதவை 117. ஏ கிடைத்த குழுவில் இறக்கும் வாய்ப்பு மற்றக் குழுவின் 0.46 பங்கு, அதாவது 54 சதவீதம் குறைவு. அந்த 54-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. சாவு எண்ணிக்கை சிறியது என்பதால் உண்மையான குறைவு 29-லிருந்து 70 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று ஆய்வின் கணக்கே சொல்கிறது. ஆனால் கீழ் எல்லையான 29-ஐ எடுத்துக்கொண்டாலும் அது சாதாரணமில்லை. அதிகம் பயன்பெற்றது யார் என்று பார்த்தால், மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களும், நெடுநாள் போஷாக்கில்லாமல் உயரம் குன்றிப்போன குழந்தைகளும். இல்லாதவனிடம்தான் பலன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதே குழு அடுத்த ஆண்டு, 1991-ல், இன்னொரு கட்டுரை வெளியிட்டது. வாராவாரம் குறித்துவைத்த நோய் விவரங்களை அதில் அலசினார்கள். பேதி குறைந்ததா? இல்லை. மூச்சுத் தொற்று குறைந்ததா? அதுவும் இல்லை. குழந்தைகள் கூடுதலாக வளர்ந்தார்களா? இல்லை. இரண்டு குழுவிலும் குழந்தைகளுக்கு ஏறக்குறைய அதே அளவில்தான் நோய் வந்தது, ஒரு குழுவில் குழந்தைகள் அதிலிருந்து எழுந்துவந்தார்கள், மற்றதில் அதிகம் பேர் எழவில்லை.

நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், நோயே வராது என்று சொல்லி விற்கிற எல்லாப் பொட்டலத்துக்கும் எதிரான சாட்சி இது. வைட்டமின் நோயைக் கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. உள்ளே வந்த நோய் உயிரைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டது.

எப்படி என்று கேட்டால், குடலிலும் நுரையீரலிலும் உள்ள உட்சவ்வைப் பார்க்க வேண்டும். வைட்டமின் ஏ உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் கருவுக்குள் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே முடிவுசெய்கிறது. அது போதாதபோது சளி சுரக்கிற ஈரமான சவ்வு உலர்ந்து தோல் மாதிரி தடித்துப்போகும். கண்ணில் நாம் பார்க்கிற உலர்வு இதுதான், கண்ணில் வெளியே தெரிகிறது, குடலில் தெரியாது, அவ்வளவுதான். சாதாரண பேதியில் சேதமான குடல்சவ்வு சில நாளில் புதுப்பித்துக்கொள்ளும், ஏ இல்லாத குழந்தைக்கு அந்தப் புதுப்பிப்பு நடக்காது, கிருமி ரத்தத்துக்குள் இறங்கும். வெள்ளணுக்கள் உருவாவதிலும் ஏ-க்குப் பங்கு உண்டு. தட்டம்மை இதற்கு நல்ல உதாரணம்: 1932-லேயே லண்டனில் எலிசன் என்ற மருத்துவர் தட்டம்மை வந்த 600 குழந்தைகளில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ நிறைந்த மீன் எண்ணெய் வகையைக் கொடுத்துப் பார்த்தார். கொடுக்காத பாதியில் 26 பேரும், கொடுத்த பாதியில் 11 பேரும் இறந்தார்கள். 1990-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், தட்டம்மை முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 189 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள், அதில் 10 பேர் வைட்டமின் ஏ கிடைக்காத பக்கம்.

இதில் ஏ தனியாளும் இல்லை. ஈரலில் சேமித்த ஏ-யை ரத்தத்துக்கு எடுத்துவர ஒரு புரதம் வேண்டும், அந்தப் புரதத்தைச் செய்ய உணவில் புரதமும் துத்தநாகமும் வேண்டும். குடலிலிருந்து ஏ உறிஞ்சப்படக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். வெறும் கஞ்சி குடிக்கிற குழந்தைக்கு இவை எல்லாமே ஒன்றாகத்தான் குறையும். எந்தச் சத்து எதற்கு என்று கட்டம் போட்டு எழுதுகிற பட்டியல்கள் இதைக் காட்டுவதில்லை.

அதே ஆண்டு, ஹைதராபாத்

திருச்சி ஆய்வு வெளியான அதே 1990-ல், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் லான்செட்டில் தன் ஆய்வை வெளியிட்டது. 15,775 குழந்தைகள், ஏறக்குறைய திருச்சி அளவேதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் ஐ.யூ. முடிவு: சாவில் வித்தியாசம் இல்லை.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வைட்டமின். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8,333-ஐ 26 வாரத்தால் பெருக்கினால் 2,16,658. ஆறு மாதத்தில் திருச்சிக் குழந்தைக்குப் போன மொத்த அளவும் ஹைதராபாத் குழந்தைக்கு ஒரே வாயில் போன அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஒரு இடத்தில் அது இருபத்தாறு பங்காகப் போனது, இன்னொரு இடத்தில் ஒரே பங்காக.

இதை வைத்து உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. இரண்டும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிட்ட ஆய்வுகள் இல்லை, குழந்தைகளின் நிலையும் ஊரின் நிலையும் வேறு. ஆச்சேயில் பெரிய டோஸ் பலன் தந்தது, நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுத்த பெரிய டோஸ் சாவை 30 சதவீதம் குறைத்ததாக 1991-ல் வந்தது. ஹைதராபாத்தில் ஆய்வுக் குழு அடிக்கடி வீடுகளுக்குப் போனதே இரண்டு பக்கமும் சாவைக் குறைத்து வித்தியாசத்தை மறைத்துவிட்டது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் எனக்கு முழுசாக ஒட்டவில்லை, ஏனென்றால் திருச்சியில் வாராவாரம் போனார்கள், அங்கே வித்தியாசம் மறையவில்லையே. பெரிய டோஸில் ஒரு பங்கு சில நாட்களுக்குள் உடலைவிட்டு வெளியேறிவிடும், ரத்தத்தில் ஏறுகிற அளவும் இரண்டு மூன்று மாதத்தில் இறங்கிவிடும். வாராவாரம் சிறிது சிறிதாகப் போவது சாப்பாடு போகிற வழி. என் கருத்தில் திருச்சி எண் மற்ற எல்லா ஆய்வையும்விடப் பெரிதாக வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது வாராவாரத்தை அல்ல. 1993-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து சராசரியாக 23 சதவீதக் குறைவு என்ற முடிவு வந்ததும், நாடு நாடாக ஆறு மாத டோஸ் திட்டம் பரவியது. வருடத்துக்கு இரண்டு முகாம் போட்டால் முடிந்துவிடும், 52 தடவை வீடேறிப் போக எந்த அரசாலும் முடியாது என்பது வாதம். புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அந்த வாதம் அவ்வளவு சரியாகப் பொருந்தாது. 1982-லிருந்து இங்கே இரண்டு வயதுக் குழந்தைக்கும் தினமும் மதியச் சோறு போட ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை என்ன, தினமும் குழந்தையைப் பார்க்கிற ஒரு ஆயா ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். திருச்சி ஆய்வு காட்டிய அளவை அந்தச் சோற்றுத் தட்டு வழியாகவே கொடுக்க முடியும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் இன்னும் அழுத்தமாகப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு வருத்தம் உண்டு.

சேலத்தில் பிறந்து ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சி. கோபாலன் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய டோஸ் முறை அவருடைய நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து வந்ததுதான், பிற்காலத்தில் அதையே எல்லோருக்கும் ஊற்றுவதை அவர் எதிர்த்தார், உணவு வழிதான் வழி என்றார். அதைப் பிடிவாதம் என்று சிலர் ஒதுக்கினார்கள். 2013-ல் உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த டெவ்டா ஆய்வின் முடிவு வந்தது: ஆறு மாத டோஸால் சாவு 4 சதவீதம் குறைவு, அதுகூடத் தற்செயலாக இருக்கலாம். அந்த ஆய்வில் மருந்து உண்மையில் எத்தனை குழந்தைகளைச் சென்றடைந்தது என்று கேள்விகள் எழுந்தன, அவை தீரவில்லை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது உலகச் சராசரி 12 சதவீதத்துக்கு இறங்கியது.

54, 34, 30, 12, 4. இத்தனை எண்களைப் பார்த்துவிட்டு எது உண்மை என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாமே அந்தந்த இடத்தில் உண்மையாக இருக்கலாம். ஈரல் காலியாக இருக்கிற குழந்தைக்கும், தட்டம்மைத் தடுப்பூசி போட்ட, ஓரளவு சாப்பிடுகிற குழந்தைக்கும் ஒரே சொட்டு ஒரே பலனைத் தராது. தமிழ்நாட்டிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. ரஹ்மத்துல்லா குழு அடுத்து பிறந்த குழந்தைகளுக்கு முதல் இரண்டு நாளில் 24,000 ஐ.யூ. வீதம் இரண்டு தடவை கொடுத்து, 11,619 குழந்தைகளிடம் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் நேரும் சாவு 22 சதவீதம் குறைந்தது என்று 2003-ல் வெளியிட்டார்கள். அதை உலகத்துக்கே பொதுவாக்கலாமா என்று பிறகு ஹரியானா, கானா, தான்சானியா மூன்று இடத்திலும் பெரிய ஆய்வுகள் நடந்தன. ஹரியானாவில் சின்னப் பலன் மாதிரி தெரிந்தது, ஆப்பிரிக்க நாடுகள் இரண்டிலும் பலன் இல்லை, எண் சற்று எதிர்ப்பக்கமே சாய்ந்திருந்தது. பச்சிளம் குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

இன்றைக்கு

2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் நான்கு வயது வரையான இந்தியக் குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் பேருக்குத்தான் வைட்டமின் ஏ குறைபாடு தெரிந்தது. 20-க்கு மேல் இருந்தால் கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது வழக்கமான அளவுகோல், அதற்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டோம். மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வித்தியாசம் உண்டு. சமையல் எண்ணெயிலும் பாக்கெட் பாலிலும் ஏ சேர்த்து விற்கிறார்கள், கூடவே ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம், அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் என்று மொத்தம் ஒன்பது டோஸ் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால் அளவு மீறுமா என்று இந்திய ஆய்வாளர்கள் சிலர் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் குழந்தைக்கு அங்கன்வாடியில் சொட்டு மருந்து வருகிறதென்றால் கொடுங்கள், அதைக் குறித்து வையுங்கள், அதற்கு மேல் கடையில் வாங்கி நீங்களாக ஊற்றாதீர்கள். கர்ப்பிணிகள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: அளவு மீறிய ரெட்டினால் வயிற்றுப் பிள்ளையின் உறுப்புகளைப் பாதிக்கும். கீரையிலும் பழத்திலும் உள்ள பீட்டா கரோட்டினால் அந்த ஆபத்து கிடையாது, உடல் தேவைக்கேற்ப மட்டும் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும்.

அந்த மாற்றம் அவ்வளவு தாராளமானதும் இல்லை. ஒரு மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சுமார் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் வேண்டும். அதனால் சாதத்தில் ஊறுகாய் அளவுக்குக் கீரை வைத்தால் ஆகாது. முருங்கைக்கீரையை எண்ணெய் விட்டு வதக்கி ஒரு கைப்பிடி போடுங்கள், பப்பாளி, மாம்பழக் காலத்தில் மாம்பழம், முட்டையின் மஞ்சள் கரு, எப்போதாவது ஒரு துண்டு ஈரல், இப்படி மாற்றி மாற்றி வாரம் முழுக்கப் போனால் போதும்.

குழந்தை பொழுது சாய்ந்தபின் நடக்கத் தயங்கினாலோ, எதிரில் வைத்த தட்டைத் தடவித் தேடினாலோ, வெண்விழியில் நுரை மாதிரி ஏதாவது தெரிந்தாலோ கீரையை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த நிலையில் பெரிய டோஸ்தான் சரியான சிகிச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி உடனே ஒன்று, மறுநாள் ஒன்று, குறைந்தது இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, அளவை வயதுக்கேற்ப அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். தட்டம்மை வந்த குழந்தைக்கும் வைட்டமின் ஏ கொடுத்தார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.